பழைய கணினி திறக்க மறுக்கிறதா? ‘ஃபார்மட்’ செய்யும் முன் இதைப் படியுங்கள்

சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது. ஆனால் விண்டோஸ் வருவதில்லை. கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்றோ, ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்றோ ஒரு வரி மட்டும் நிற்கிறது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து வீடுகளிலும், தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் கடைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினிகளுக்கு இது வழக்கமாக வரும் நோய்.

2010ஆம் ஆண்டு தொடங்கி ஒரே மலேசியா திட்டத்தில் அரசாங்கம் வழங்கிய நெட்புக், 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பிள்ளைகளின் இணையப் பாடத்திற்காக அவசரமாக வாங்கிய பழைய மடிக்கணினி, ஆலயக் கணக்கு எழுதும் மேசைக் கணினி என்று இவை பல வகை. இயந்திரத்தின் விலை இன்று பெரிதில்லை. உள்ளே இருக்கும் கல்யாணப் படங்கள், காலமான பெற்றோரின் புகைப்படங்கள், திருவிழா வரவு செலவு, பிள்ளைகளின் பள்ளி வேலைகள் ஆகியவற்றைத்தான் எந்தக் கடையிலும் மறுபடி வாங்க முடியாது.

ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் கணினி ஓடிவிடும். ஆனால் உள்ளே இருந்தவை போய்விடும். ஆகவே இரண்டு விஷயங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலாவது, கோளாறு உண்மையில் ஹார்ட் டிஸ்கில்தானா? இரண்டாவது, அதில்தான் என்றால், உள்ளிருப்பதை வெளியே எடுப்பது எப்படி?

இது ஹார்ட் டிஸ்க் கோளாறுதானா?

திரையில் எதுவுமே வரவில்லை, தயாரிப்பாளரின் சின்னம்கூடத் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க் அல்ல. மின்சாரப் பெட்டி, மெமரி, திரை, தாய்ப்பலகை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கணினியும் பொதுவாகச் சின்னத்தைக் காட்டும். பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்திற்குள் போகவும் விடும்.

சின்னம் வந்த பிறகு நின்றுவிடுகிறது என்றால், பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். சில கணினிகள் செருகியிருக்கும் பென்டிரைவில் விண்டோஸைத் தேடி, கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். இது சரியானால் வேறு வேலையே இல்லை.

பயாஸ் என்ன சொல்கிறது?

கணினியைத் திறந்த உடனே குறிப்பிட்ட ஒரு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பயாஸ் பக்கம் வரும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் டெலீட், மடிக்கணினிகளில் எஃப்2, எச்பி கணினிகளில் எஃப்10. அங்கே ஹார்ட் டிஸ்கின் பெயரும் அளவும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் நல்ல செய்தி. டிஸ்க் உயிரோடு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்ற வரிசையோ, விண்டோஸ் கோப்புகளோ கெட்டிருக்கலாம். தொடக்க வரிசையில் ஹார்ட் டிஸ்கை முதலிடத்தில் வைத்து, சேமித்து வெளியே வாருங்கள். எக்ஸ்பி கணினியில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’, அதற்குப் பிந்திய விண்டோஸில் ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். படங்களும் ஆவணங்களும் பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பட்டியலில் பெயரே இல்லை என்றால் ஒயரையும் டிஸ்கையும் சோதிக்க வேண்டும். அதற்கு முன் பயாஸ் பக்கத்தில் உள்ள தேதியை ஒருமுறை கவனியுங்கள்.

தேதி தவறாக இருந்தால்

தாய்ப்பலகையில் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. கடிகாரக் கடையிலும் கிடைக்கும். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கணினி தேதியை மறக்கும். சில பழைய கணினிகள் தொடக்க வரிசையையும் டிஸ்கோடு பேசும் முறையையும் சேர்த்தே மறந்துவிடும்.

விண்டோஸ் சின்னம் ஒரு விநாடி தோன்றி, நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணோடு நின்றால், இந்த மறதி காரணமாக இருக்கலாம். பயாஸில் சாட்டா முறை ‘ஐடிஇ’ என்று இருந்தால் ‘ஏஎச்சிஐ’ என்றும், ‘ஏஎச்சிஐ’ என்று இருந்தால் ‘ஐடிஇ’ என்றும் மாற்றிப் பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையபடியே வைத்துவிடலாம். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் முடியக்கூடிய வேலைக்கு ஃபார்மட் தேவையில்லை.

ஒயரும் மின்சாரமும்

மேசைக் கணினியைத் திறப்பதற்கு முன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். உள்ளே கைவைக்கும் முன் இரும்புக் கூட்டைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ஹார்ட் டிஸ்கிற்கு இரண்டு ஒயர்கள் வரும்: ஒன்று தகவலுக்கு, மற்றொன்று மின்சாரத்திற்கு. இரண்டையும் கழற்றி, இரண்டு மூன்று முறை செருகி எடுத்து, இறுக்கமாக மாட்டுங்கள். பனியும் மழையும் மாறி மாறி வரும் மலையில் செருகுமுனைகளில் மெல்லிய கறை படிவது சகஜம். இப்படிச் செருகி எடுப்பதே அதை உரசிவிடும். வேறு தகவல் ஒயர் இருந்தால் மாற்றிப் பாருங்கள், தாய்ப்பலகையில் வேறு துளையிலும் மாட்டிப் பாருங்கள்.

காலையில் முதல் தடவை வராமல், இரண்டாவது தடவை திறந்தால் வந்துவிடுகிறதா? இதைப் பழகிக்கொள்ளாதீர்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் அதற்கு அதிக மின்சாரம் வேண்டும். மின்சாரப் பெட்டி பலவீனமாகிவிட்டாலோ, டிஸ்கின் மோட்டார் தளர்ந்துவிட்டாலோ இப்படித்தான் ஆரம்பிக்கும். கணினி அடுத்த முறை திறந்ததும் முதல் வேலையாகக் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள்.

உயரம் காரணமில்லை, ஈரம் காரணமாகலாம்

“மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் தாங்காது” என்று சிலர் சொல்வதுண்டு. ஹார்ட் டிஸ்கின் உள்ளே நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மேல், படிக்கும் முனை காற்று மெத்தையில் மிதக்கிறது என்பது உண்மை. காற்று மிகவும் மெலிந்தால் அந்த முனை தட்டில் உரசும். ஆனால் சாதாரண ஹார்ட் டிஸ்குகள் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரை வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகின்றன. தானா ராத்தா அதில் பாதி உயரத்தில்தான் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஈரத்தை. குளிர்ந்த இரும்பின் மேல் வெப்பமான ஈரக்காற்று பட்டால் நீர் துளிர்க்கும். மலையிலிருந்து குளிர்ந்த கணினியைக் காரில் ஏற்றி, தாப்பா அல்லது ஈப்போ கடைக்குக் கொண்டுபோகும்போது இதுதான் நடக்கிறது. காரில் ஏர்கோன் ஓடினால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் பையில் நன்றாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். கீழே இறங்கியதும் பையைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரமாவது விட்டுவைத்து, பிறகு திறக்கச் சொல்லுங்கள்.

சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்

‘டிக், டிக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால், முனை தட்டைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். சுழலாமல் முனகல் மட்டும் கேட்டால், முனையோ மோட்டாரோ சிக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேதம் கூடும். உடனே அணைத்துவிடுங்கள்.

டிஸ்கின் மூடியைக் கழற்றவே கூடாது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் கனமோ பல்லாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசு போதும், தட்டு கீறிவிடும். தட்டுவது, குலுக்குவது, ஐஸ் பெட்டியில் வைப்பது போன்ற வைத்தியங்களும் வேண்டாம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததும் டிஸ்கில் நீர் கோத்துக்கொள்ளும். இந்த நிலையில் தகவல் மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். செலவு அதிகம், உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

முதலில் கோப்புகள், பிறகு விண்டோஸ்

டிஸ்க் சத்தமில்லாமல் ஓடுகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கணினியில் மாட்டுவது. மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்குக்கு பொதுவாக யுஎஸ்பி மின்சாரமே போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்குத் தனி மின் இணைப்புள்ள அடாப்டர் வேண்டும். மாட்டியதும் “ஃபார்மட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’ மட்டும் அழுத்துங்கள்.

மற்றொன்று, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு ஏற்றிய பென்டிரைவால் அதே கணினியைத் தொடங்குவது. எதையும் நிறுவாமல் சோதித்துப் பார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்கைத் திறந்து கோப்புகளை வெளி டிஸ்கிற்கு நகலெடுக்கலாம்.

எந்த வழியானாலும் படங்களையும் ஆவணங்களையும் முதலில் எடுங்கள். ‘செக்டிஸ்க்’ போன்ற பழுதுபார்க்கும் கட்டளைகளை நகலெடுத்த பிறகே ஓட்டுங்கள். நலிந்த டிஸ்கை அது மணிக்கணக்கில் வேலை வாங்கும். சில நேரம் கோப்புகளையும் சிதைத்துவிடும்.

கடையில் என்ன சொல்வது?

“உள்ளே உள்ளது வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்” என்று முதலிலேயே சொல்லுங்கள். ரசீதிலும் அதை எழுதச் சொல்லுங்கள். டிஸ்கை மாற்றினால் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்; அதில் உங்கள் அடையாளக் கார்டு நகலும் வங்கிக் கணக்கும் இருக்கலாம்.

புதிதாகப் போடுவது எஸ்எஸ்டி என்றால் நல்லது. சுழலும் பாகம் இல்லாததால் ஆட்டத்தையும் அதிர்ச்சியையும் தாங்கும். சாட்டா இணைப்புள்ள பழைய மடிக்கணினியும் அதனால் வேகம் பிடிக்கும். உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தனது ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018இல் அறிவித்ததற்கும் இதுவே காரணம். ஆனால் எஸ்எஸ்டி பல நேரம் முன்னறிவிப்பில்லாமல் ஒரேயடியாகப் போய்விடும். நகல் எடுக்கும் பழக்கம் அதற்கும் தேவை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே பழைய கணினியைச் சரிசெய்தாலும், வங்கிக் காரியங்களுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். படங்களையும் கணக்குகளையும் ஒரு வெளி டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் பிள்ளை அல்லது உறவினர் வீட்டில் ஒன்று என்று இரண்டு நகலாக வையுங்கள். ஆலய நிர்வாகங்களும் சங்கங்களும் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாளிலேயே அந்த நகலையும் எடுத்து, செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் கொடுத்துவிடலாம்.