ஹப்புத்தளையில் கட்டுப்படியான ஓர் அறை

மலைநாட்டில் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று தெஹிவளையில் ஒரு குடும்பம் பேசத் தொடங்கினால் முதலில் வருவது நுவரெலியா, அடுத்தது எல்ல. ஏப்ரல் சீசனில் நுவரெலியா அறை வாடகை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. எல்லவில் வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்தே விலை வைக்கிறார்கள். குறைந்த செலவில் குளிரும் தேயிலைத் தோட்டமும் வேண்டுமென்றால் ஹப்புத்தளைக்குப் போங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் சிறிய ஊர் அது. தமிழிலேயே பேசி அறை எடுக்கலாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளைக்கு ஓடும் 99ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம். ரயிலில் போக விரும்புபவர்கள் சேவை எதுவரை நடக்கிறது என்று கோட்டை நிலையத்தில் முதலில் விசாரிக்க வேண்டும்.

அறை தேடும்போது வாடகையை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மலையுச்சியில் மலிவாக ஓர் அறை கிடைக்கலாம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஓட்டோவில் இறங்கி ஏறினால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் தங்கினால் விடியற்காலையில் தம்பேதன்ன பஸ்ஸைப் பிடித்து லிப்டன் சீட் காட்சிமுனைக்குப் போகலாம். வெயில் ஏறியபின் அங்கே பெரும்பாலும் மூடுபனிதான். முழங்கால் வலியுள்ள அம்மம்மா கூட வருகிறார் என்றால் எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது விலை. தொலைபேசியில் சொல்லும் தொகை அறைக்கா, ஆளுக்கா? காலைச் சாப்பாடு சேர்த்தா? சேவைக் கட்டணமும் வற் வரியும் அடக்கமா? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். அதோடு 10 வீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்தால், 10,000 ரூபாய் அறைக்கு 12,800 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டிவரும். குடும்பமாக நடத்தும் சிறு கெஸ்ட் ஹவுஸ்களில் பெரும்பாலும் இந்தச் சுமை இல்லை. அவர்களிடம் நேரே பேசி, சைவமா ஹலாலா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சமைத்தும் தருவார்கள். சுடுதண்ணீர் காலையிலும் வருமா, ஆளுக்கு ஒரு கம்பளி கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே இரவுக் குளிர் கொழும்புக்காரருக்குப் பழக்கமில்லாதது.

போகும் காலமும் செலவைத் தீர்மானிக்கும். போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதியைத் தவிர்த்து வார நாளில் போனால் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். தென்மேல் பருவக்காற்றில் மேற்குச் சரிவுகள் நனையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் காற்று பலமாக இருந்தாலும் மழை குறைவு. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நிலைமை வேறு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களைப் புதைத்த மண்சரிவு இதே மலைத்தொடரில்தான் நடந்தது. அந்த மாதங்களில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிவையுங்கள்.