உயிலில் எதை எழுதலாம், எதை எழுத முடியாது?

"பட்டா என் பேர்ல இருக்கு, தீர்வையும் நான்தான் கட்டுறேன், யாருக்கு வேணும்னாலும் எழுதி வைப்பேன்" என்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்கள் சொல்வதுண்டு. பட்டாவில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே நிலம் முழுவதும் அவருடையதாகிவிடாது. உயிலில் தன் பங்கை மட்டும்தான் எழுதலாம்.

ஒரு பேச்சுக்கு, பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் ஆறு ஏக்கர் நஞ்சை. பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து பாகம் பிரிக்காமல் வரும் பூர்வீகச் சொத்து. குடும்பத்தில் அப்பா, ஒரு மகன், கட்டிக்கொடுத்த ஒரு மகள். "மகளுக்குத்தான் நகை போட்டுச் சீர் செஞ்சாச்சே" என்று அப்பா ஆறு ஏக்கரையும் மகனுக்கு உயில் எழுதுகிறார். அந்த உயில் இரண்டு ஏக்கருக்குத்தான் செல்லும். மீதி நாலில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு இரண்டு. அது பிறப்பிலேயே வந்த பாத்தியதை. 1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வருவதற்கு முன்னால், பாகம் பிரியாத அந்த இரண்டு ஏக்கரைக்கூட உயிலில் எழுத முடியாது. இன்னொன்று. அப்பாவும் பிள்ளைகளும் பிரிக்கும் இந்தப் பாகத்தில் மனைவிக்கு நம் பக்கம் தனிப் பங்கு கிடையாது. அந்த அம்மாளுக்கு ஏதாவது வைக்க வேண்டுமென்றால், அப்பா தன் இரண்டு ஏக்கரிலிருந்துதான் வைக்க வேண்டும். நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை.

"மகளுக்கு ஏதுங்க பங்கு?" என்று இன்னமும் கேட்கிறார்கள். 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்குத் தமிழ்நாடு சட்டம் பங்கு தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணமான பெண்களுக்கும் உண்டு. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ பாகம் முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

அதற்காகப் பாட்டன் நிலமெல்லாம் பூர்வீகம் என்று பிள்ளைகள் வரிந்து கட்டுவதும் தப்பு. பாட்டன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், அவர் 1956 ஜூன் 17-க்குப் பின் உயில் எழுதாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. 1986-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பாட்டன் உயில் எழுதியே கொடுத்திருந்தால்? அந்த உயிலின் வாசகத்தைப் பார்க்க வேண்டும் என்று அருணாசல முதலியார் வழக்கில் 1953-லேயே தீர்ப்பு உண்டு. தனிச்சொத்து என்றால் முழுவதையும் யாருக்கும் எழுதலாம். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டும் எழுதலாம்.

இஸ்லாமியருக்குக் கணக்கு வேறு. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குதான் உயிலில் செல்லும். அதற்கு மேல் என்றால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

"ரிஜிஸ்தர் பண்ணியாச்சு, இனிமே அசைக்க முடியாது" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் இல்லாத பங்கைப் பதிவு உண்டாக்கித் தராது. எழுதுவதற்கு முன் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து, நிலம் யார் வழியாக, எப்படி வந்தது என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே உதவி இலவசம்.