எல்லைக் கோடும் நம் ஓட்டும்

பால்மரத் தோட்டத்தில் நெறை போடுவது எப்படி என்று நம் தொழிலாளர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இன்ன ஆளுக்கு இத்தனை மரம், இன்ன மேட்டிலிருந்து இன்ன கான் வரைக்கும் என்று தண்டலும் கிராணியும் பிரித்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள் ஐம்பது மரம் கூடக் குறைய இருந்தாலே போதும், மறுநாள் காலைப் பெரட்டில் சத்தம் கிளம்பிவிடும். "அவருக்கு மட்டும் என்னங்க நல்ல நெறை? நமக்கு மட்டும் ஏன் மேடு?" என்று கேட்காத தோட்டம் உண்டா? மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை.

நாட்டிலும் இதே மாதிரி ஒரு நெறை பிரிப்பு நடக்கிறது. தொகுதி எல்லைச் சீரமைப்பு என்று அதற்குப் பெயர். எந்தக் கம்பம், எந்தத் தோட்டம், எந்தத் தாமான் எந்த நாடாளுமன்றத் தொகுதியில் சேர வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கோடு போடுகிறது. ஐம்பது மரத்துக்குச் சண்டை போடுகிற நாம் இந்தக் கோட்டைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "அதெல்லாம் மேலே உள்ளவங்க வேலைங்க, நமக்கு எதுக்கு?" என்று விட்டுவிடுகிறோம்.

மேலே உள்ளவர்கள் பிரித்த கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2013 பொதுத்தேர்தலில் சிலாங்கூர் காப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர்கள் இருந்தார்கள். அதே தேர்தலில் புத்ராஜெயாவில் 15,791 பேர். காப்பாருக்கும் ஓர் எம்.பி., புத்ராஜெயாவுக்கும் ஓர் எம்.பி. காப்பாரில் ஒன்பது பேர் வரிசையில் நின்று போட்ட ஓட்டும் புத்ராஜெயாவில் ஒருவர் போட்ட ஓட்டும் ஒரே எடை! 2018-இல் எல்லையைத் திருத்தினார்கள். அதன் பிறகு வந்த 2022 தேர்தலில் பாங்கி தொகுதியில் 3,03,430 பேர். சரவாக்கின் ஈகானில் 28,290 பேர். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பத்து மடங்கு மரத்தை ஒரே ஆள் தலையில் கட்டி, சம்பளம் மட்டும் ஒன்றுதான் என்றால் எந்தத் தண்டலாவது பெரட்டுக் களத்தில் நிற்க முடியுமா?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2022-இல் எண்ணிக்கை ஏறியதற்கு வேறொரு நல்ல காரணமும் உண்டு. 18 வயதானவர்களுக்கு ஓட்டுரிமை வந்தது. மனுச் செய்யாமலே பெயர் தானாகப் பட்டியலில் ஏறும் முறையும் வந்தது. அதனால் 2018-இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 2022-இல் 2 கோடியே 11 லட்சமாகப் பெருகினார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பழைய சட்டையையே மாட்டி அனுப்பியது போல, கோடு மட்டும் 2018-ஆம் வருடத்துக் கோடாகவே இருந்தது.

சுதந்திரம் வந்த நாளிலிருந்தே இப்படித்தானா என்றால், இல்லை. 1957 அரசியல் சட்டத்தில் நல்ல ஓர் ஏற்பாடு இருந்தது. தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கோடு போடும் முழுப் பொறுப்பும் தேர்தல் ஆணையத்திடம் இருந்தது. அதன்படி ஆணையம் 1960-இல் ஒரு சீரமைப்பு செய்தது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. 1962-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, ஆணையம் பரிந்துரை செய்யலாம், முடிவு செய்வது மக்களவை என்று மாற்றினார்கள். பதினைந்து விழுக்காடு போய், நகர்ப்புறத் தொகுதியின் வாக்காளரில் பாதி இருந்தாலே கிராமப்புறத் தொகுதிக்குப் போதும் என்றார்கள். 1973-இல் அந்தப் பாதி என்ற வரம்பும் போயிற்று. கிராமப்புறத்துக்கு 'ஓரளவு' சலுகை தரலாம் என்ற சொல் மட்டும் மிச்சம். அந்த ஓரளவு எவ்வளவு என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

கிராமத்துக்குச் சலுகை காட்டுவது தவறென்று நாம் சொல்லவில்லை. சாலை இல்லாத ஊர், படகில் போய்ச் சேர வேண்டிய நீளவீடு, எம்.பி. ஒரு சுற்று வந்து முடிக்கவே பல நாள் ஆகும் உட்பகுதி. இவற்றுக்கு நியாயம் உண்டு. நம் தோட்டங்களும் ஒரு காலத்தில் அந்தக் கணக்கில்தானே இருந்தன? ஆனால் அந்தச் சலுகை நம்மை வந்து சேர்ந்ததா?

இங்கேதான் நம் கதை வேறு மாதிரி போகிறது. இந்த நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தனும் அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை சாமிவேலுவும் எம்.பி.யாக இருந்தார்கள் என்றால், எல்லா இனத்தாரும் போட்ட ஓட்டில் வந்தார்கள். தோட்டங்கள் நிறைந்த கிராமத் தொகுதியில் ஓட்டுக்கு எடை அதிகம் இருந்த காலத்தில், நாம் அங்கே சிறுபான்மை. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டுக் கிள்ளான், காப்பார், ஷா ஆலம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். வந்து சேர்ந்த இடமெல்லாம் லட்சம் ஓட்டுக்கு மேல் அடைத்து வைத்த தொகுதிகள். அங்கே ஓட்டுக்கு எடை குறைவு. எடை இருந்த இடத்தில் ஆள் பலம் இல்லை. ஆள் கொஞ்சம் கூடிய இடத்தில் எடை இல்லை.

புத்ராஜெயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அமைச்சுகளும் அகன்ற சாலைகளும் ஏரியும் இருக்கும் அந்த நிலம் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். பால் வெட்டி வாழ்ந்த நம் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேறினார்கள். தனி வீடு தருவதாகச் சொன்ன பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. அடுக்குமாடிச் சுவர்களில் வெடிப்பு விட்ட கதையும் பத்திரிகைகளில் வந்தது. அதே நிலத்தில் 2004 தேர்தலுக்குப் புதிய நாடாளுமன்றத் தொகுதி ஒன்று உருவானது. அப்போது அதில் இருந்த வாக்காளர் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான். நாட்டிலேயே மிக எடை கூடிய ஓட்டு அந்த மண்ணில் விளைந்தது. அந்த மண்ணைப் பண்படுத்தியவர்கள் கோட்டுக்கு வெளியே, அதைவிடப் பல மடங்கு பெரிய சிப்பாங் தொகுதியில் நின்றார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. யாரும் அவர்களை நினைத்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். கோடு எந்த வழியாகப் போகிறது என்பது இன்னொரு விஷயம். ஒரு பேச்சுக்குச் சொல்வோம். அடுத்தடுத்து மூன்று தோட்டங்கள். தோட்டத்துக்கு 300 ஓட்டு. மூன்றும் ஒரே சட்டமன்றத் தொகுதியில் இருந்தால் 900 ஓட்டு. போன தடவை 700 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த ஒய்.பி., பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று நாம் சொன்னால் காது கொடுப்பார். மூன்று தோட்டத்தையும் மூன்று தொகுதிக்குப் பிரித்துவிட்டால் ஆளுக்கு 300. மூன்று ஒய்.பி.யும் சிரித்துக் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இதற்கு நேர்மாறாகவும் செய்யலாம். பிடிக்காத ஓட்டையெல்லாம் மூட்டை கட்டி ஒரே தொகுதியில் திணித்துவிட்டால், அங்கே எண்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே நாற்காலிதான். 2013 தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு நூற்றுக்கு 50.87 ஓட்டு, கிடைத்த இடம் 89. தேசிய முன்னணிக்கு 47.38 ஓட்டு, கிடைத்த இடம் 133. எந்தக் கட்சிக்காகவும் இதை நாம் எழுதவில்லை. நாளைக்கு ஆள் மாறினால் கணக்கு அப்படியே தலைகீழாகத் திரும்பும், அப்போதும் இதையே எழுதுவோம்.

இப்போது நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். தோட்டத்தில் பேசிப் பார்த்தால், "அவங்க செய்யறதை நம்ப முடியலீங்க" என்பார்கள். காரணம் கேட்டால் முதலில் சொல்வது விரல் மை கதை. 2008 மார்ச் 8-ஆம் தேதி தேர்தல். ஒருவரே இரண்டு தடவை ஓட்டுப் போடாமல் தடுக்க அழியாத மை பூசப் போவதாகச் சொன்னார்கள். மையும் வாங்கியாயிற்று. தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது, மை வேண்டாம் என்று நிறுத்தினார்கள். 2013-இல் ஒருவழியாக மை பூசினார்கள். வீட்டுக்குப் போய்க் கழுவினால் போய்விட்டது என்று நாடு முழுக்கப் புகார்! கொஞ்சம் மையைச் சரியாக வைக்கத் தெரியாதவர்கள் ஊரெல்லாம் கோடு கிழிக்கப் போகிறார்களே என்று ஜனங்கள் கேலி பேசினால் கோபித்து என்ன பயன்?

2016-இல் தொடங்கிய சீரமைப்பும் அந்தக் குறையைப் போக்கவில்லை. சிலாங்கூர் மாநில அரசாங்கமே நீதிமன்றம் போனது. மாநிலத்தில் 1,36,272 வாக்காளர்களுக்கு முகவரியே இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு எல்லை வரைகிறார்கள் என்பது அதன் முறையீடுகளில் ஒன்று. ஆள் எங்கே குடியிருக்கிறார் என்று தெரியாமல் எந்தத் தொகுதியில் சேர்ப்பது? கிராணி, செக்ரோலில் பெயரை எழுதிவிட்டு டிவிசனை எழுத மறந்தால் சம்பளத்தன்று என்ன நடக்கும்? வழக்கு எடுபடவில்லை. 2018 மார்ச் 28-ஆம் தேதி அன்றைய பிரதமர் நஜிப் மக்களவையில் தாக்கல் செய்தார். அன்றைக்கே 129 பேர் ஆதரிக்க, 80 பேர் எதிர்க்க, நிறைவேறியது. பத்தே நாளில், ஏப்ரல் 7-இல் நாடாளுமன்றம் கலைந்தது. மே 9-இல் புதிய எல்லையில் தேர்தல். தாம் எந்தத் தொகுதிக்கு மாறினோம் என்றே பலருக்குத் தெரியாது. பெத்தாலிங் ஜெயா உத்தாரா டாமன்சாரா ஆனது, செர்டாங் பாங்கி ஆனது. பெயர் மாறியதைச் சுவரொட்டியில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேரோ!

அந்தத் தேர்தலில் புதிய எல்லையைக் கொண்டுவந்த தேசிய முன்னணியே ஆட்சியை இழந்தது என்பதும் சரித்திரம். "பார்த்தீங்களா, கோடு ஒண்ணும் செய்யாது" என்று சிலர் சொல்வார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய வெள்ளம் வந்தால் எந்த வரப்பும் நிற்காது. வெள்ளம் வராத வருடங்களில் தண்ணீர் வரப்பு சொல்லும் வழியில்தான் போகும்.

அடுத்த சீரமைப்பு எப்போது? ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டு வருடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். தீபகற்ப மலேசியாவில் போன சீரமைப்பு முடிந்தது 2018 மார்ச்சில். ஆக 2026 மார்ச்சோடு அந்த எட்டு வருடம் பூர்த்தியாகிறது. எல்லையை மாற்ற மக்களவையில் மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் ஆதரவு போதும். 222 என்ற எண்ணிக்கையைக் கூட்டத்தான் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆணையம் அறிவிப்புக் கொடுத்துவிட்டால் இரண்டே வருடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

அந்த அறிவிப்பு வரும்போது நாம் செய்யக்கூடிய ஒன்று அரசியல் சட்டத்தின் 13-ஆவது அட்டவணையிலேயே இருக்கிறது. ஆணையம் தன் பரிந்துரையைக் கெஜட்டிலும் பத்திரிகையிலும் அறிவித்து, ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்படும் தொகுதியின் பட்டியலில் பெயருள்ள 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், ஆணையம் அந்த வட்டாரத்தில் விசாரணை வைத்தே தீர வேண்டும். தயவு தாட்சண்யம் இல்லை, கட்டாயம். நூறு கையெழுத்து என்பது ஒரு நடுத்தரத் தோட்டத்தின் கோயில் திருவிழாக் கூட்டத்தில் பாதிகூட இல்லையே! அதே அட்டவணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. எல்லையை மாற்றும்போது வட்டார உறவுகள் அறுபடாமல் பார்க்க வேண்டும் என்கிறது. ஒரே மாரியம்மன் கோயில், ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே கடைத்தெரு என்று வாழும் இரண்டு டிவிசனைக் கோடு போட்டுப் பிரித்தால், இதைவிட நல்ல ஆட்சேபம் எது? "எங்களைப் பிரிக்காதீங்க" என்று சும்மா எழுதினால் பத்தாது. பள்ளியின் பெயர், கோயில் எத்தனை வருடமாக இருக்கிறது, பிள்ளைகள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்டத்துத் தலைமையாசிரியரோ சங்கக் கிளைச் செயலாளரோ ஒரு மாலையில் எழுதிவிடக்கூடிய காகிதம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது. பெயர் தானாகப் பட்டியலில் ஏறினாலும், அடையாளக் கார்டில் உள்ள முகவரிப்படிதான் ஏறும். தோட்டத்தை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆன பிறகும் கார்டில் பழைய லயத்து முகவரியையே வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். லயம் இடிந்து அங்கே பங்களா முளைத்திருக்கும், ஓட்டு மட்டும் இன்னும் அங்கேயே குடியிருக்கும். அப்படிப்பட்டவர் தாம் இப்போது வசிக்கும் தொகுதிக்காகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்து நூறில் சேராது. பதிவிலாகா அலுவலகத்துக்குப் போய் முகவரியை மாற்ற ஒரு காலை நேரம் போதும். வயதான பெற்றோரையும் 18 வயதான பிள்ளைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.