கிட்டார் வயிற்றுக்குள்ளும் 'வங்கு' உண்டு! முதல் கிட்டார் செய்கிறவர்களே, உப்புக்காற்று ஜாக்கிரதை!

தூத்துக்குடியில் தோணி கட்டுவதை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? வெளியே பலகை. உள்ளே விலா எலும்பு மாதிரி வரிசையாக வங்கு.

"பலகை மட்டும் போதாதா, வங்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று ஓடாவியிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார்!

கிட்டாரும் அதே கதைதான். சொந்தக் கையால் ஒரு கிட்டார் செய்துவிட வேண்டும் என்ற ஆசை, கோவில் பாடல் குழுவில் வாசிக்கும் பையன்கள் பலருக்கு உண்டு. பக்கவாட்டை வளைப்பார்கள், கழுத்தைச் செதுக்குவார்கள். கடைசியில் கோட்டை விடுவது உள்ளே ஒட்டும் சட்டங்களில்தான். 'பிரேசிங்' என்கிறார்களே, அதுதான்.

70 கிலோ இழுப்பு!

எஃகுக் கம்பி ஆறையும் சுருதி கூட்டினால் மொத்த இழுப்பு சுமார் 70 கிலோ. ஒரு ஆள் எடை! அதைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள மேல்பலகை. வெறும் பலகை என்றால், கம்பி கட்டிய 'பிரிட்ஜ்' கட்டைக்குப் பின்னால் உப்பும். முன்னால், துளைப் பக்கம், குழி விழும்.

சரி, தடித்த பலகையாகப் போட்டால்? உடையாது. சத்தமும் வராது! பலகை அதிர்ந்தால்தானே நாதம்? தாங்கவும் வேண்டும், துள்ளவும் வேண்டும். சிக்கலே இதுதான்.

காகிதக் கிட்டார்

ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ டோரஸ் 1862-ல் ஒரு வேலை செய்தார். முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் மரத்தில் போட்டார். கிட்டாரின் குரல் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டத்தான் இத்தனையும். அந்தக் கிட்டார் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விசிறி போல விரியும் சட்டங்களுக்குப் பேர் வாங்கித் தந்தவர் அவர்தான்.

ஜெர்மனியிலிருந்து 1833-ல் அமெரிக்கா போன மார்ட்டின் என்ற தச்சரின் பட்டறை, 1840-களில் சட்டங்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக ஒட்டியது. அன்று கிட்டாருக்கு நரம்புக் கம்பிதான். பின்னால் எஃகுக் கம்பி வந்தபோது அந்தப் பெருக்கல் குறிதான் பாரத்தைச் சுமந்தது. இன்றும் எஃகுக் கம்பிக் கிட்டார்களில் பெரும்பாலானவை அந்த வழிதான்.

குறியின் நடு முடிச்சு, துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் விழ வேண்டும். கால்கள் பிரிட்ஜின் இரு ஓரத்துக்கும் அடியில் போக வேண்டும்.

தோணி வங்குக்கு இயற்கையாக வளைந்த மரம் தேடுவார்கள். இங்கே நேர்மாறு! நூல் பிடித்தாற்போல் நேரான இழை வேண்டும். இழை குறுக்கே ஓடினால் சட்டம் பிளந்துவிடும்.

இன்னொரு கணக்கு. சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு! அதனால் ஒல்லியாக, உயரமாக விடுவதே புத்திசாலித்தனம். ஒட்டியபின் பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். மொத்தென்று கேட்டால் உளியால் கொஞ்சம் சீவி, மறுபடி தட்டுங்கள். முதல் கிட்டார் செய்பவர் பயத்தில் சீவாமலே விட்டுவிடுவார். அது பெட்டி மாதிரி ஊமையாக நிற்கும். ஆனாலும் முதல் கிட்டாருக்குக் கொஞ்சம் பயம் நல்லதுதான். கூடச் சீவியதை ஒட்டவைக்க முடியாதே!

நம்ம ஊர் வில்லன்

இனிதான் தூத்துக்குடி விஷயம். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாட்டில் விரியும். நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. சட்டங்கள் பலகையின் குறுக்கே போகின்றன. பலகை விரியப் பார்க்கும், சட்டம் விடாது. விளைவு? வயிறு உப்பும், கம்பி மேலே எழும்பும், விரல் வலிக்கும். வெளியூரில் வாங்கி வந்த கிட்டார் இங்கே வந்ததும் 'கெட்டுப் போச்சு' என்கிறார்களே, பாதி நேரம் காரணம் இந்தக் கடற்காற்றுதான்.

ஈரத்திலேயே ஒட்டினால் இன்னும் மோசம். சென்னையில் ஏ.சி. அறைக்குப் போன நாளில் பலகை சுருங்கி, நடுவில் 'டிக்' என்று வெடிக்கும்!

ஈரப்பதம் 45 சதவீதம் அளவில் இருக்கும்போதுதான் சட்டம் ஒட்டுவது வழக்கம். கடலோரத்தில் அதற்கு எங்கே போவது? மூடிய பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு, ஒரு ஈரப்பதமானி. பலகையையும் சட்டத்தையும் சில நாள் அதில் வைத்து, முள் இறங்கியபின் எடுத்து உடனே ஒட்டுங்கள். உப்பளத்தில் உப்பு விளையும் வறண்ட மாதங்கள் இந்த வேலைக்குத் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

அமுக்கிப் பிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை. நடுவில் மூங்கில் சிம்புகளை வில்லாக வளைத்துச் செருகினால் போதும். இரவு முழுக்க அப்படியே கிடக்கட்டும்.

கம்பி கட்டியதும் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். லேசான உப்பல் இருந்தால் கவலை வேண்டாம். அளவை எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கூடிக்கொண்டே போனால் கம்பியைத் தளர்த்திவிட்டு, துளை வழியே கையை விட்டு, எந்தச் சட்டம் விட்டிருக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டியதுதான்.