கவனிப்பவரைக் கவனிக்க ஒருவர்

‘வயசானா மறதி சகஜம்தானே’ என்று ஆரம்பத்தில் லேசாகச் சொல்லப்பட்டது, சாப்பிட்ட கை உலருமுன் மறுபடி இலை போடச் சொல்வதும், அந்தி வேளையில் சொந்த வீட்டிலிருந்தே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலுக்கு நடப்பதுமாக முற்றிவிடும்போது, சென்னையை அடுத்த செம்பாக்கத்துத் தெருவொன்றில் ஒரு மனைவியோ மகளோ மருமகளோ இரவும் பகலும் படும் அவஸ்தைக்கு வைத்தியரின் மருந்துச் சீட்டில் இடமில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் இந்நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

இப்படிப் பராமரிப்பவரைத் தாங்கும் விஷயத்தில் நம் சூழலுக்கு மிக நெருக்கமாக நிற்பது, 2008-ல் பிரசுரமான கோவா ஆய்வு. 81 குடும்பங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும், மேனிலைப் படிப்பும் ஒரு வாரப் பயிற்சியும் பெற்ற, அவ்வூர்ப் பாஷை பேசும் பணியாளர்களை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் ஆறு மாத காலம் வீடு தேடி அனுப்பினார்கள். நோயின் இயல்பை விளக்குவது, கோபத்தையும் பிதற்றலையும் எதிர்கொள்ளும் வழி சொல்வது, வேண்டியபோது மனநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பது, முதியோருக்கான அரசு உதவிகளை எடுத்துரைப்பது ஆகியவை அவர்கள் பணி. நோயாளியின் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை; ஆயினும் பராமரிப்பவரின் மனநலம் மேம்பட்டது, அந்நடத்தையால் அவர் அடைந்த வேதனையும் குறைந்தது. நூறாவது முறையாகக் கேட்கப்படும் அதே கேள்வி பிடிவாதமல்ல, மூளை நோயின் குணம் என்று தெளிவதும், அதைச் சொல்லி ஆற்ற ஒருவர் வருவார் என்ற நிச்சயமும் அதற்குக் காரணமாகலாம் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் நோயாளியும் பராமரிப்பவருமான 780 இணைகளுக்குத் தொலைபேசி வழியே ஆதரவளித்து நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்விலும், பராமரிப்பவரின் சுமையும் மனச்சோர்வும் தணிந்தன. எனினும் 2025-ல் வெளியான, 2,176 இணைகளைக் கொண்ட மற்றொரு பெரிய ஆய்வில், பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்களால் பராமரிப்பவரின் மனநெருக்கடி குறையவில்லை; சமாளிக்கும் தன்னம்பிக்கை மட்டுமே உயர்ந்தது. இதை மறைப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் துரோகம்: ஆலோசனை எத்துணை நல்லதாயினும், இரவு விழிப்பைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு ஜோடிக் கைகளும் வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை ஏந்தி வீட்டுப் படியேறும் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் முதியவரின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அருகில் நிற்கும் மருமகளிடம் ‘ராத்திரி நீங்க தூங்கினீங்களாம்மா?’ என்று கேட்கவும், அந்தப் பதிலை உரிய மருத்துவரிடம் கொண்டுசேர்க்கவும் பயிற்றுவிப்பது அரசால் ஆகாத காரியமல்ல. கோவாவில் அதற்கு ஒரு வாரம்தான் பிடித்தது.