பெயர் மறையலாம், நியாயம் மறையலாகாது

நெய்வேலி நகரியத்தில் வேலைக்குச் செல்வோர் நம் அங்கத்தினர் குடும்பங்களில் பலர். வேலையிடத்தில் பாரபட்சமாக நடத்தப்பட்ட ஒருவர் நீதி கேட்டுச் சென்றால், அவர் பெயர் ஊரறிய வேண்டுமா என்பது சிந்திக்கத்தக்க விஷயம்.

விசாரணை யாவர் முன்னிலையிலும் நடைபெற வேண்டும் என்பது பொது விதி. நம் சங்கத்தின் நூல் கணக்கைப் பேரவையில் படிப்பதும் இதே காரணம் பற்றித்தான். பலர் கண் படுமிடத்தில் ஓரவஞ்சனை செய்வது கடினம். 1966-இல் மிராஜ்கர் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இவ்விதியை ஏற்றது. ஆயினும், நீதிக்கு அவசியமானால் சாட்சியம் வெளிவராமல் தடுக்கலாம் என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர்.

இவ்விலக்கின் அருமையை 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று காட்டுகிறது. பொதுத்துறை நிறுவனமொன்றில் தற்காலிகமாக உழைத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. உடல் வேலைக்குத் தகுதியாயிருந்தும் வேலை மறுக்கப்பட்டது. பெயரைச் சொல்லி வழக்காடினால் ஊர் ஒதுக்கும். சொல்லாவிடில் பிழைப்பு போகும். நீதிமன்றம் அவரை ‘எம்.எக்ஸ்.’ என்றும், நிறுவனத்தை ‘இஸட்.ஒய்.’ என்றும் குறிக்க இடமளித்தது. தகுதியுள்ளவரை, பிறருக்கு அபாயமில்லாதபோது, கிருமியை மட்டும் காரணங்காட்டி விலக்கலாகாது என்ற தீர்ப்போ காரணங்களுடன் முழுமையாக வெளியாயிற்று. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தில் புனைபெயருக்கும் மூடிய அறை விசாரணைக்கும் இடமுண்டு.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகார் செய்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆனால் அடையாளம் புலப்படாதவாறு, கிடைத்த நியாயத்தை எடுத்துரைக்கலாம் என்றும் அப்பிரிவே கூறுகிறது. பலர் முற்பாதியை மட்டும் நினைவில் வைத்து வாய் மூடிவிடுகின்றனர். இது குற்றம் செய்தவருக்கே அனுகூலம்.

பம்பாயில் பெயரை மறைத்தால் ஆள் மறையக்கூடும். நெய்வேலியில் இன்ன வட்டம், இன்ன சுரங்கம், இரவு ஷிப்டு என்றாலே போதும். கடைத்தெருவில் காய் வாங்கி முடிவதற்குள் ஆளைக் கண்டுகொள்வர். ஆகவே மறைக்க வேண்டியது பெயரோடு நிற்பதில்லை. வழக்குத் தொடுப்போர், மனுவைத் தாக்கல் செய்யும்போதே அடையாளத்தை மறைக்கும்படி வக்கீல் மூலம் கேட்பது நலம். வழக்குப் பட்டியலில் ஒருமுறை அச்சான பெயரைப் பின்னர் ஊரார் நாவிலிருந்து அழிக்க இயலாது.