அப்பாவுக்கு வந்தது எந்தப் புற்றுநோய்?

அப்பாவின் வயிற்றிலிருந்து அகற்றிய கட்டியின் ஆய்வறிக்கையில் ‘ஜிஸ்ட்’ என்று இருந்தது. ஸ்கேனில் ஈரலிலும் இரண்டு புள்ளிகள். கிள்ளானில் உள்ள உறவினர் எல்லாருக்கும் அது வயிற்றுப் புற்றுநோய்தான். உடனே கீமோ தொடங்கு என்றார் மாமா. அத்தை ஒரு பை நிறைய டுரியான் பெலாண்டா இலையை அனுப்பினார். அன்புதான், என்ன சொல்வது?

ஆனால், இது வேறு நோய். வழக்கமான இரைப்பைப் புற்று உட்படலத்தில் தோன்றும். ஜிஸ்ட் இரைப்பை, குடல் சுவரில் தோன்றுவது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கே வரும். வழக்கமான கீமோவுக்குப் பெரும்பாலும் அசையாது. இதை மாமாவுக்குப் புரியவைக்கவே இரண்டு வாரம் ஆனது.

1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘கிட்’ என்ற மரபணுவில் பிறழ்வைக் கண்டறிந்தார்கள். இரத்தப் புற்றுக்காக உருவான இமாட்டினிப் மாத்திரை இதையும் அடக்கும் என்பது 2000-இல் பின்லாந்துப் பெண் ஒருவரிடம் தெரிந்தது. 2002-இல் அமெரிக்கா ஜிஸ்டுக்கு அனுமதி கொடுத்தது. வழக்கமான அளவு தினமும் 400 மில்லிகிராம்.

பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் இரவெல்லாம் படித்ததை, வார இறுதியில் கொமுட்டர் ஏறிப் போய் அப்பாவிடம் தமிழில் சொல்வதுதான் பெரும்பாடு. லோரி ஓட்டியவர் அவர். “எக்சிலேட்டர் மாட்டிக்கிச்சு, அப்படித்தானே?” என்றார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி, பிறழ்வு எங்கே என்பது. ‘கிட்’ மரபணுவின் 11-ஆம் எக்ஸானில் என்றால் இமாட்டினிப் நன்றாக வேலை செய்யும். 9-ஆம் எக்ஸானில் என்றால் அளவை 800 ஆக்குவது உண்டு. வேறொரு மரபணுவில் வரும் ‘டி842வி’ பிறழ்வுக்கு இந்த மாத்திரையால் பயனில்லை. சோதனைக்குப் புதிதாக அறுக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடம் மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவே பெரும்பாலும் போதும். அந்த மெழுகுக்கட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இலை, லேகியம் எதுவானாலும் முதலில் மருந்தாளரிடம் காட்டுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறுகூட இமாட்டினிப்பின் அளவை உடலில் ஏற்றக்கூடும். துணைக்கு, இந்நோயாளிகளுக்கும் உதவும் மேக்ஸ் ஃபேமிலி சொசைட்டி என்ற அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது.

அப்பாவின் திசு சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வரும் வியாழக்கிழமைக்கு என்னை இப்போதே லீவு போடச் சொல்லிவிட்டார்.